சுள்ளி: இதழ் ஐந்து முதல் நாற்பத்தொன்று வரை

உங்கள் மேசையில் மேலாக இருப்பது முதல் அச்சு இல்லை, மேடம். அது முப்பத்து மூன்றாம் இதழ். முதல் அச்சில் சுள்ளியின் தோள்பை சிவப்பாக இருக்கும். இதில் பச்சை. கடைக்காரர்கள் திரும்பவும் கேட்டபோது சிவப்பு மை தீர்ந்துவிட்டது, இருந்ததைப் போட்டு ஓட்டினேன். பழைய காமிக்ஸ் சேகரிக்கிறவர்கள் சிவப்புப் பையைத்தான் தேடுவார்கள். கோயம்புத்தூரில் ஒருவர் இரண்டையும் கண்ணாடித் தாளில் சுற்றி வைத்திருக்கிறார்.

அதற்கடியில் இருப்பது நாற்பத்தொன்று. அதற்குக் கடைசியில் வருவோம்.

ஷெரினைப் பற்றிக் கேட்டீர்கள். இன்று காலை நாம் எல்லோரும் கிணற்றடிக்குப் போய்வந்தோம். தீயணைப்புக்காரர்கள் என்ன தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று நீங்களும் பார்த்தீர்கள். மிச்சம் இருப்பது ஏன் என்ற கேள்விதான். சுள்ளியிலிருந்து தொடங்கினால் எனக்கு வரிசையாக வரும். எழுதுகிற ஏட்டையா பாண்டீஸ்வரனுக்கும் வசதி. இதழ் எண்ணைப் போட்டுக்கொண்டே வரலாம்.

என் பெயர் தங்கபாண்டி. வயது நாற்பத்தாறு. அருப்புக்கோட்டையில் சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி. 2021 தை மாதம் 'இடிமகள்' முதல் இதழை வெளியிட்டேன். மாதம் ஒன்று, முப்பத்திரண்டு பக்கம், அட்டை மட்டும் வண்ணம். மழையில்லாத ஒரு நாளில் கரிசல்காட்டில் இடி விழுந்து பிழைத்த பெண் அவள். பறந்து வருவாள். கையை நீட்டுவாள். சக்தி முழுவதும் அந்தக் கையில்தான். பிடித்த கையை விடமாட்டாள்.

அந்தக் கைக்கு மாதிரி என்னுடைய இடது கை. கண்ணாடி முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு வலது கையால் வரைவேன். முகத்துக்கு மாதிரி கிடைக்காததால் இடிமகளுக்கு முகமூடி போட்டேன்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பார்க்காத எதையும் என்னால் வரைய முடியாது. மற்றவர்கள் மனதில் நினைத்து வரைகிறார்கள். எனக்கு அப்படி வந்தால் மனித முகம் பூசணிக்காய் மாதிரி வரும். செல்போனில் படம் எடுத்துப் பார்த்தேன். அதில் கைகால் அளவு மாறிப்போகிறது. அதனால் நேரில் உட்கார்ந்து, பென்சிலால், நோட்டில். அட்டையில் தலைப்புக்குக் கீழே 'பார்த்து வரைந்தது' என்று முதல் இதழிலிருந்து அச்சடித்து வருகிறேன். வாசகர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. பாளையம்பட்டிப் பெட்டிக்கடையும் திருச்சுழி பஸ் நிறுத்தமும் அச்சு அசலாக இருக்கும். நடக்காததை நான் வரைந்ததில்லை. இடிமகள் பறப்பதைக்கூட ஒரு ஸ்டூலின் மேல் குப்புறப் படுத்துக் கண்ணாடியில் பார்த்துத்தான் வரைந்தேன்.

சுள்ளி முதலில் வந்தது ஐந்தாம் இதழில். சிலர் ஆறு என்பார்கள். இரண்டும் சரி. ஊரடங்கில் கடைகள் மூடியிருந்ததால் ஐந்தையும் ஆறையும் சேர்த்து ஒரே இதழாகப் போட்டேன். பதினோராம் பக்கம், மூன்றாவது கட்டம். திருடர்கள் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று விறகு பொறுக்கும் ஒரு பெண் கை காட்டுவாள். பெயர் கிடையாது, வசனம் கிடையாது. அந்த ஒரு கட்டத்தோடு அவள் முடிந்திருக்க வேண்டியவள்.

கை காட்டுவதற்கு ஒரு பெண் வேண்டும். கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்க ஷெரின் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பாளையம்பட்டிப் பிள்ளை. பி.காம். தகப்பன் இல்லை. தாய் ஞானப்பூ பவர்லூம் செட்டில் வேலை பார்க்கிறார். அச்சகத்துப் பின்கட்டில் நாலு குச்சியைக் கட்டித் தலையில் வைத்து நிற்கச் சொன்னேன்.

"அண்ணே, இந்தப் பிள்ள ஒண்ணும் பேசாதாண்ணே?" என்று கேட்டாள்.

"வழி காட்டுறது மட்டுந்தான்மா அதுக்கு வேல."

"வழி தெரிஞ்ச பிள்ளைக்கு வாயி இருக்காதாக்கும்."

எழுத்துக் கோக்கும்போது அந்தக் கட்டத்தில் அவளாகவே ஒரு வசனத்தைப் போட்டுவிட்டாள். 'அக்கா, இந்தப் பக்கம். வேலிமுள்ளு கெடக்கு, பாத்துப் பறந்து வா.' அச்சாகி வந்த பிறகுதான் நான் பார்த்தேன். அந்த மாதம் வந்த கடிதங்கள் பதினொன்று. ஒன்பது அந்த ஒரு வரியைப் பற்றி.

ஏழாம் இதழில் அவளுக்குப் பெயர் வந்தது. சுள்ளி என்று வைத்தது ஷெரின். என்ன சக்தி கொடுக்கலாம் என்று கேட்டேன். "சக்தியெல்லாம் வேண்டாம்ணே. தோள்ல ஒரு பை, அதுல ஒரு கயிறு, கல்லடிக்க ஒரு கவட்டை. போதும்" என்றாள். எட்டாம் இதழிலிருந்து சுள்ளியின் வசனம் முழுவதும் அவள்தான் எழுதினாள். பெயர் போடவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

ஒன்பதாம் இதழில் சுள்ளி டவுன் பஸ்ஸின் பின் ஏணியில் தொங்குவாள். நிறுத்தி வைத்திருந்த பஸ்ஸில் ஷெரின் தொங்கினாள். பதினான்கில் பருத்திப் பொதி ஏற்றிய லாரியின் மேல் நிற்பாள். நின்றாள். இருபத்தேழில் குண்டாற்றுப் பாலத்தின் தூணில் பாதிவரை ஏறுவாள். ஏறினாள். நான் "அப்படியே இரு" என்று சொன்னால் அவள் அப்படியே இருப்பாள். கண் இமைகூட அசையாது. நான் பென்சிலைக் காதில் செருகினால் முடிந்தது என்று அர்த்தம். ஒரு தடவை காலில் கட்டெறும்பு ஏறி முழங்கால்வரை கடித்திருக்கிறது. பென்சில் காதுக்குப் போகிறவரைக்கும் நின்றுவிட்டு அப்புறம்தான் குதித்தாள். "அண்ணே, இந்த எறும்புக்கும் கதையில ஒரு வேசம் குடுத்துருங்க. என்னையவிட நல்லா உழைக்குது" என்றாள். அப்படி ஒரு மாதிரி யாருக்கும் கிடைக்காது. அதை நான் எப்போதும் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

இருபத்து நான்காம் இதழுக்கு வாசகர் ஓட்டு வைத்தேன். அட்டையில் யார் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் கேட்டோம். சுள்ளிக்கு நானூற்றுப் பன்னிரண்டு, இடிமகளுக்கு முப்பத்தேழு. நான் இடிமகளை வரைந்தேன். சுள்ளியைக் கீழே ஓரத்தில் சின்னதாகப் போட்டேன். ஓட்டு விவரத்தை ஷெரின் உள்ளபடி இரண்டாம் பக்கத்தில் அச்சுக் கோத்துவிட்டாள். அடுத்த மாதம் ஒருவர் எழுதினார்: 'ஓட்டு சரியாக இருக்கிறது, அட்டைதான் மாறிவிட்டது.' அந்தக் கடிதத்தையும் வெளியிட்டோம். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

முப்பத்து மூன்றாம் இதழ் உங்கள் கையில் இருக்கிறது. அந்த மாதம் எனக்குக் காய்ச்சல். பத்து நாள் படுக்கை. என் பழைய நோட்டுகளிலிருந்து படங்களை எடுத்து ஒட்டி, ஷெரின் தனியாக ஒரு கதையைச் செய்து முடித்துவிட்டாள். இதழ் நிற்கக்கூடாது என்றுதான் செய்தாள். கதையில் சுள்ளி மட்டும்தான். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை தேடிப் பார்த்தேன். இடிமகள் ஒரு கட்டத்தில்கூட இல்லை. நாங்கள் இரண்டாம் அச்சு ஓட்டிய ஒரே இதழ் அது.

என் மனைவி ஈஸ்வரி கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படித்தாள். "நல்லாருக்குங்க" என்றாள். அவள் இதழைப் படித்ததே அன்றுதான் முதல் தடவை.

இந்த வருடம் மாசி மாதம் ஷெரின் சொன்னாள். அச்சகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"அண்ணே, மெட்ராஸ்ல ஒரு கம்பெனி. போன்ல படக்கத போடுறாக. சுள்ளியக் கேக்குறாக."

"இடிமகளையுமா?"

"இல்லண்ணே." டம்ளரைக் கீழே வைத்தாள். "சக்தி இருக்கவளுக எல்லா ஊர்லயும் இருக்காளுகளாம். இது மாதிரிப் பிள்ளதான் இல்லங்கிறாக. என்னையும் வேலைக்கு வரச் சொல்லீருக்காக. உங்க பேரையும் போடச் சொல்லீருக்கேண்ணே. சுள்ளியை முதலில் வரைந்தவர்னு."

"நல்லதும்மா" என்றேன். டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன். கோபப்பட்டேனா என்று நீங்கள் கேட்பீர்கள். கோபம் வந்திருந்தால் அப்போதே சத்தம் போட்டிருப்பேன். அன்று மாலை இரண்டு கல்யாணப் பத்திரிகைகளை ஒரு பிழையில்லாமல் திருத்தினேன்.

போவதற்கு முன்னால் நாற்பத்தோராம் இதழைச் சேர்ந்து செய்வது என்று பேசிக்கொண்டோம். சுள்ளி விடைபெறும் கதை. அவள் எழுதிக் கொண்டுவந்தாள். கதை இதுதான். திருடர்கள் சுள்ளியைப் பாழுங்கிணற்றில் இறக்கிவிட்டுக் கயிற்றை உருவிக்கொண்டு போய்விடுகிறார்கள். இடிமகள் எங்கேயோ தூரத்தில் இருக்கிறாள், வரவில்லை. சுள்ளி உடைந்த படிக்கல்லைப் பிடித்துத் தானாக ஏறி வருகிறாள். பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய்விடுகிறாள்.

"நாப்பதடிக் கிணறும்மா. கயிறில்லாம ஏற முடியாது" என்றேன்.

"சுள்ளி ஏறுவாண்ணே."

"யாரு பாத்தா?"

அவள் சிரித்தாள். "நான் ஏறிக் காட்டவா?"

அந்த வார்த்தையை அவள்தான் சொன்னாள். ஏட்டையா, அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் இருபத்தேழு, சனிக்கிழமை. தேர்தல் முடிந்து அச்சகத்தில் வேலை குறைந்திருந்தது. அன்றைக்கு அவள் என்னைப் பார்க்க வரவே இல்லை என்று போன வாரம் நீங்கள் விசாரித்தபோது சொன்னேன். அது பொய். மன்னிக்க வேண்டும். மதியம் மூன்று மணிக்குத் துணிப்பையோடு வந்தாள். கடைசிப் படத்தை முடித்துவிட்டு அப்படியே சென்னை பஸ் ஏறுவதாக ஏற்பாடு. வீட்டில் சாமான் கட்டும்போது சணலை அறுத்த பிளேடு வலது கட்டைவிரலில் பட்டிருந்தது. அவளுடைய அம்மா பழைய சேலை ஓரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டிருந்தார். சுள்ளிக்குக் கட்டுப் போட்ட விரல் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவிழ்க்கச் சொல்லவில்லை.

என் மோட்டார் சைக்கிளில் போனோம். திருச்சுழி தாண்டி நரிக்குடி ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர். எங்கள் அப்பா காலத்து நிலம். இப்போது முழுக்கச் சீமைக்கருவேல். கரிமூட்டம் போடுகிறவர்கள் வருவார்கள், சனி ஞாயிறு வரமாட்டார்கள். தண்ணீர் இல்லாததால் ஆடு மேய்க்கிறவர்களும் வருவதில்லை. கிணற்றில் தண்ணீர் நின்று எட்டு வருடம் ஆகிறது.

கயிற்றை மோட்டார் ரூம் தூணில் கட்டினேன். நன்றாகத்தான் கட்டினேன். அவள் கயிற்றையும் படிக்கல்லையும் பிடித்து ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே இறங்கினாள். நான் விளிம்பில் உட்கார்ந்து மூன்று பக்கம் வரைந்தேன்.

"கொஞ்சம் பயந்த மாதிரிப் பாரும்மா."

"சுள்ளிக்குப் பயப்படத் தெரியாதுண்ணே."

உண்மைதான். முப்பத்து மூன்றுக்குப் பிறகு எல்லா நோட்டுகளையும் எடுத்துப் பார்த்திருந்தேன். எந்த இதழிலும் சுள்ளி பயந்து நான் வரைந்ததில்லை. பார்த்ததில்லை, அதனால் வரைந்ததில்லை. இடிமகள் காப்பாற்ற வரும்போதுகூட ஏதோ டீக்கடைக்கு வந்தவளைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பாள்.

"அண்ணே, நேரமாச்சு. மேல வாரேன், கயிற இறுக்கிப் பிடிங்க" என்றாள்.

நான் கயிற்றை மேலே இழுத்தேன். அறுக்கவில்லை, வீசவில்லை. சுருட்டி வண்டியில் வைத்தேன். திரும்பி வந்து, "ஏறி வாம்மா" என்றேன்.

சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் நிறுத்தினாள். நிறுத்திய பிறகு மேலே பார்த்த அந்த முகம் நாற்பத்தோராம் இதழில் பதினெட்டாம் பக்கத்தில் இருக்கிறது. இதுவரை நான் வரைந்ததில் நல்ல முகம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

வெளிச்சம் போனதும் வீட்டுக்குப் போனேன். வெளிச்சம் இல்லாமல் என்னால் வரைய முடியாது.

ஞாயிறு காலையில் போகும்போது தண்ணீர் பாட்டில் இரண்டும் பன் ஒரு பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு போய் உள்ளே போட்டேன். சோறு தண்ணீர் இல்லாமல் ஒருவரை ஏறச் சொன்னால் அது நியாயமான சோதனை ஆகாது. அதற்குள் அவள் பாதிவரை ஏறிப் பார்த்துச் சறுக்கியிருந்தாள். முழங்கையில் தோல் வழன்றிருந்தது. பன்னைத் தின்றாள். ஜெபம் பண்ணினாள். அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற நேரம் அது.

அப்புறம் சொன்னாள்: "அண்ணே, சுள்ளிய நீங்களே வச்சுக்கங்க. நான் மெட்ராஸ் போகல. அந்தக் கம்பெனிக்கி எழுதிப் போட்டுர்றேன். அம்மா தேடும்ணே."

"அது பேச்சில்லம்மா. நீ எழுதீருக்க. ஏற முடியுமா முடியாதாங்கிறதுதான் இப்பப் பேச்சு."

"முடியாதுண்ணே. நான் சும்மா எழுதுனேன்."

"அப்ப யாரு வந்து தூக்கணும்?"

நான் என்ன கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். மூன்று வருடம் நாங்கள் சேர்ந்து கதை பண்ணியிருக்கிறோம். இடிமகள் என்ற ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் நான் வண்டியிலிருந்து கயிற்றை எடுத்திருப்பேன். எடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் சொல்லவில்லை. பன் பாக்கெட்டை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து மறுபடி முதல் கல்லில் கால் வைத்தாள்.

அவளால் ஏற முடியவில்லை, மேடம். சாயங்காலம் ஐந்தரை மணிபோல விழுந்தாள். அப்புறம் அசையவில்லை. அவளுடைய பையை மோட்டார் ரூமுக்குள் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சுள்ளி ஏறி வருவதை நான் பார்க்கவில்லை. அதனால் வரையவில்லை. கதையின் முடிவு மாறியதற்குக் காரணம் அவ்வளவுதான்.

திங்கள் முதல் சனிவரை மை போட்டு முடித்து அச்சுக்கு ஏற்றினேன். எழுத்துக் கோக்க ஆள் இல்லை. நானே கோத்தேன். பிழைகள் இருக்கின்றன, வாசகர்கள் திட்டுவார்கள். கடைசி நான்கு பக்கத்தில் சுள்ளிக்கு வசனம் வைக்கவில்லை. ஐந்தாம் இதழில் நான் முதலில் நினைத்த மாதிரி, பேசாத பிள்ளையாகவே முடித்தேன். கடைசிப் பக்கம் முழுவதும் ஒரே படம். கிணற்று விளிம்புக் கல், அதைப் பிடித்திருக்கும் ஒரு கை. கீழே ஒரு வரி: 'இடிமகள் வருவாளா?'

ஷெரினின் அம்மா ஞானப்பூ அந்த வாரம் முழுவதும் அச்சகத்துக்கு வந்துகொண்டிருந்தார். பஸ் ஏறியிருக்கும், போனில் சார்ஜ் இருக்காது என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்றுக் காலை வந்தபோது இதழ்கள் மடித்துத் தயாராக இருந்தன. முதல் பிரதியை அவருக்குக் கொடுத்தேன். மகளுடைய உருவம் இருக்கிற இதழ். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் கொடுத்தேன். இதில் எனக்கு வேறு எண்ணம் எதுவும் கிடையாது.

அவருக்குப் படிக்க வராது. நின்றுகொண்டே ஒவ்வொரு பக்கமாகப் படம் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார். படத்தில் கட்டைவிரலில் கட்டியிருந்த துணியின் மேல் தன் விரலை வைத்துத் தடவினார்.

"தம்பி, இது எப்ப வரஞ்சது?"

"நேர்ல பாத்து வரஞ்சதுக்கா. எல்லாமே நேர்ல பாத்துத்தான்" என்றேன். என் தொழிலைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"முடிச்சக்கூடவா?"

"முடிச்சுதான்க்கா கஷ்டம். அதுக்கே ஆறேழு நிமிஷம் ஆச்சு."

அவர் இதழை நாலாக மடித்துக் கூடைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். பாளையம்பட்டி பஸ் நிற்கிற பக்கம் போகாமல் இந்த ஸ்டேஷன் பக்கமாகத் திரும்பினார். பிள்ளையை நினைத்து வழி மாறிப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் வேலை எனக்குத் தெரியும், ஆனால் அதை யோசிக்கவில்லை. தறியில் பாவு நூல் தீர்ந்ததும் பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து முடிச்சுப் போட வேண்டும். ஆயிரக்கணக்கில் முடிச்சு. இருபது வருடமாக அவர் அதைத்தான் செய்கிறார். நுனியை உள்ளே மடக்கிப் படுக்க வைக்கிற முடிச்சு. வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னாராம். சனிக்கிழமை மத்தியானம் போட்ட கட்டு. அன்றைக்கு மகளைப் பார்க்கவே இல்லை என்று சொன்ன ஆள் அந்தக் கட்டை எப்படி வரைந்தான் என்று கேட்டாராம். சரியான கேள்வி. வேறு ஓவியனாக இருந்திருந்தால் விரலில் ஏதோ ஒரு துணி என்று இரண்டு கோடு போட்டிருப்பான். எனக்கு அது வராது.

நீங்கள் அந்தப் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் வைக்கிறீர்கள். தெரிகிறது.

கிணறு நாற்பது அடி. மேலே உட்கார்ந்திருப்பவனுக்குக் கீழே இருக்கிற விரலின் முடிச்சு தெரியாது. நகங்கள் தேய்ந்து பிளந்திருப்பதும் தெரியாது. படத்தில் அந்தக் கை விளிம்புக் கல்லின் மேல் இருக்கிறது. நான் பார்க்காததை வரைவதில்லை என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு, இல்லை, இதை மட்டும் நினைத்து வரைந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏறி வந்தாள்.

நாலு மணிக்கு மேல் கடைசித் தடவையாகத் தொடங்கினாள். பாட்டு இல்லை, கூப்பிடவும் இல்லை. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் வெகுநேரம் நின்றாள். நான் விளிம்பை ஒட்டிய நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே வந்து, வலது கையை விளிம்பில் வைத்தாள். அப்புறம் தலை தெரிந்தது. ஒரு முழம்தான் இருக்கும், எனக்கும் அவளுக்கும்.

"அண்ணே, கையக் குடுங்க" என்றாள்.

அந்தக் கை அந்தக் கல்லின் மேல் இருந்த விதம் நன்றாக இருந்தது. வெயில் சாய்ந்து நேராக அதன் மேல் விழுந்தது. நான், "அப்படியே இரு" என்றேன்.

இருந்தாள், மேடம். மூன்று வருடப் பழக்கம். அந்த வார்த்தையைக் கேட்டதும் அசைவு நின்றுபோயிற்று. வாய்கூடத் திறக்கவில்லை. என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது காதுக்குப் போகும் என்று.

விரல்களை முடித்தேன். நகங்களை முடித்தேன். முடிச்சுக்கு நேரம் பிடித்தது. துணியின் நுனி எங்கே போய் மறைகிறது என்று பார்த்துப் பார்த்துப் போட வேண்டியிருந்தது. இரண்டு மூன்று கோடு பாக்கி இருக்கும்போது தலையைத் தூக்கினேன். கல் மட்டும் இருந்தது. அந்தப் பாக்கிக் கோடுகளை மனதில் இருந்ததை வைத்துப் போட்டேன். உற்றுப் பார்த்தால் முடிச்சின் இடது ஓரம் கொஞ்சம் சரியாக வந்திருக்காது.

நான் தள்ளவில்லை. தொடக்கூட இல்லை. நோட்டு முழங்காலில் இருந்தது. பென்சில் வலது கையில். இடது கை சும்மாதான் இருந்தது.

காலையில் ஜீப்பில் வரும்போது ஏட்டையா கேட்டார். அவர் மகள் ஐந்தாம் இதழிலிருந்து படிக்கிறாளாம், நேற்றுக் கடைக்கு வந்த நாற்பத்தொன்றையும் படித்துவிட்டாளாம். "சுள்ளி மேல வந்துருச்சாப்பா இல்லையான்னு நேத்து ராத்திரி பூராம் கேட்டு உசுர எடுக்குறா" என்றார். அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். வந்துவிட்டாள் என்று பாப்பாவிடம் சொல்லுங்கள். யாருடைய உதவியும் இல்லாமல் விளிம்புவரை வந்தாள். ஷெரின் எழுதியது சரி. நான்தான் நம்பவில்லை.

ஆனால் அந்த இடத்தில் இடிமகள் வந்திருக்க வேண்டும், மேடம். நான் செய்த எந்த இதழிலும் அவள் தவறியதே இல்லை. அன்றைக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று எனக்கும் தெரியவில்லை.